பலெர்மோவில் ஒரு செல்லாத கோல்

எங்கள் கல்லூரித் தாளாளருக்கு ஒரு ஆசை வந்துவிட்டால் அதைத் தடுக்க ஆளில்லை. போன வருடம் நீச்சல் குளம் வேண்டும் என்றார். குளம் வந்துவிட்டது, தண்ணீர்தான் இன்னும் வரவில்லை. இந்த வருடம் ஹேண்ட்பால் அணிக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்றார். இணையத்தில் தேடி ஆளையும் அவரே பிடித்தார். பெயர் ஸோரான், செர்பியாக்காரர். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், ஒரு பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார். மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போயிற்று. மனிதர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"நேர்ல போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க சார். நீங்க பேசுனா மாட்டேன்னு சொல்ல மாட்டார்" என்று என்னை விமானம் ஏற்றிவிட்டார் தாளாளர். நான் திண்டுக்கல் பக்கம் அந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். நான் பேசினால் என் வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. அந்த விஷயம் தாளாளருக்குத் தெரியாது.

ஹேண்ட்பாலா, அது என்ன என்று கேட்பவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர். கால்பந்தைக் காலுக்குப் பதில் கையால் ஆடினால் எப்படியோ, அப்படி. பக்கத்துக்கு ஏழு பேர், கூரை போட்ட அரங்கு, அணிக்கொரு கோல். பக்கத்தில் வந்து எகிறி எறியும் பந்தை மூஞ்சியில் வாங்கிக்கொள்ள ஒரு கோல்கீப்பர். நான் ஆடியதைவிட, மேசையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்ததுதான் அதிகம். மாநிலப் போட்டி என்றால் நேரம் கணிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்தில் ஸோரான் வந்து நின்றார். கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். ஒரு காலத்தில் நேராக இருந்திருக்கக்கூடிய மூக்கு. இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கி இருந்தது. கை கொடுத்தேன். கொடுத்த கை திரும்பி வரவில்லை, ஒட்டிக்கொண்டது.

"மன்னிக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் பயிற்சி, இன்னும் விடவில்லை" என்று சிரித்து, பிய்த்து எடுத்தார். பந்து வழுக்காமல் இருக்க விரலில் பிசின் தடவிக்கொள்வார்கள். எங்கள் பையன்கள் அதற்குக் காசில்லாமல் எச்சில் தொட்டுக்கொள்வார்கள். அன்று முழுவதும் நான் எதைத் தொட்டாலும் கூடவே வந்தது, பாஸ்போர்ட் உட்பட.

எனக்குத் தங்க இடம் பார்த்ததும் அவர்தான். "ஹோட்டல் வேண்டாம். அல்பெர்கேரியா பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் அறை வாடகைக்கு விடுகிறது. உங்கள் சாப்பாடு கிடைக்கும்" என்று முன்பே எழுதியிருந்தார். என்ன நல்ல மனசு என்று என் மனைவியிடம்கூடச் சொன்னேன். பல்லரோ சந்தை வழியாக நடந்தோம். வாள்மீனின் தலையை மூக்கு வானம் பார்க்க நிறுத்தி வைத்து அதன் பக்கத்தில் நின்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். கத்திரிக்காய் விற்கிறவர் அவரைவிடப் பெரிதாகக் கத்தினார். எங்கள் காந்தி மார்க்கெட்டில் நிற்பது போலவே இருந்தது. சந்து முனை வந்ததும் ஸோரான் நின்றுவிட்டார்.

"இரண்டாவது மாடி. நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே வேகமாகப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் தவராசா யாழ்ப்பாணத்துக்காரர். பொலிதேயாமா சதுக்கத்துப் பக்கம் ஒரு வயதான சின்யோரை, அதாவது அந்த ஊர் ஐயாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர் மனைவி யோகேஸ்வரி இரண்டு சின்யோராக்களின் வீடுகளில் துப்புரவு வேலை பார்க்கிறார். பதினேழு வயதில் ஒரு மகள், தர்சிகா. எனக்கு வாசலிலேயே ராஜ உபசாரம்.

"வாங்கோ மாஸ்டர், வாங்கோ. இந்தியாவிலையிருந்து வாறியள், களைச்சுப்போனியள். முதல்லை சாப்பிடுங்கோ, பேந்து கதைப்பம்" என்றார் தவராசா. புட்டும் கணவாய்க் கறியும் வந்தது. எங்கள் வீட்டில் புட்டுக்கு வாழைப்பழமும் சர்க்கரையும்தான். இப்படிக் கணவாயும் சேர்க்கலாம் என்று ஐம்பத்தாறு வயதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"ஆர் மாஸ்டர் உங்களுக்கு இந்த அறையைச் சொன்னது?"

"ஸோரான்னு ஒருத்தர்ங்க. ஹேண்ட்பால் கோச்."

தவராசாவின் கை புட்டிலேயே நின்றது. தர்சிகா எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி யோகேஸ்வரி என்னைப் பார்த்தார்.

"உந்தாள் என்ரை பிள்ளையின்ரை கோலைப் பறிச்சவர்" என்றார் தவராசா.

பிறகு கதை வந்தது. தர்சிகா ஸோரானின் அணியில் ஆடுகிறவள். சில வாரங்களுக்கு முன்னால் முதல்முறையாக மகளின் ஆட்டம் பார்க்க லீவு கேட்டுப் போயிருக்கிறார் தகப்பன். "கடைசி நிமிசம், மாஸ்டர். ரெண்டு பக்கமும் சமம். பிள்ளை ஓடிவந்து எழும்பி எறிஞ்சாள். வலை ஆடினதை என்ரை கண்ணாலை கண்டனான். உடனை குடும்பக் குறூப்பிலை போட்டிட்டன், தர்சிகா கோல் அடிச்சு எங்கடை ஆக்கள் வெண்டிட்டினம் எண்டு. போட்டிட்டு நிமிந்து பாக்கிறன், நடுவர் கையை ஆட்டுறார். கோல் செல்லாதாம்! ஏனெண்டு கேட்டால், உந்தாள் டைம்-அவுட் கேட்டவராம்!"

அதன்பிறகு எதிரணி ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டது. ஆனால் செய்தி ஏற்கெனவே கடல் தாண்டிவிட்டதே!

"கனடாவிலை இவரின்ரை தமையன் கேக் வெட்டிட்டார். ஊரிலை மாமி கோயில்லை அருச்சனை செய்விச்சுப்போட்டா. இனி எப்பிடி இல்லையெண்டுறது?" என்றார் யோகேஸ்வரி. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். தவராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளைப் பிள்ளை அடிச்சிருந்தால் உப்பிடிச் செய்திருப்பாரோ? அந்தக் கோலைத் திருப்பித் தரட்டும். அதுவரைக்கும் என்ரை பிள்ளை விளையாட மாட்டாள்."

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டைம்-அவுட் வேண்டும் என்றால் பயிற்சியாளர் ஒரு பச்சை அட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டும். வைத்தவுடன் நேரம் கணிப்பவர் விசில் ஊதுவார், கடிகாரம் நிற்கும். விசிலுக்கு முன்னால் பந்து கோட்டைத் தாண்டினால் கோல். விசிலுக்குப் பின்னால் தாண்டினால் அது எவ்வளவு அழகான எறியாக இருந்தாலும் செல்லாது. ஒரு பயிற்சியாளர் தன் அணியின் கோலைத் தானே அழிக்க ஹேண்ட்பாலில் மட்டும்தான் இப்படி ஒரு வழி இருக்கிறது. என் அனுபவத்தில் நானே சில கோல்களை ஊதி அணைத்திருக்கிறேன். அந்தப் பயிற்சியாளர்களின் முகத்தை அப்புறம் பார்க்க முடியாது.

மறுநாள் காலை ஜன்னல் வழியாகத் தர்சிகாவைப் பார்த்தேன். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழ்க் கடையிலிருந்து சாமான் ஏற்றும் கூடை ஒன்று கயிற்றில் தொங்கியது. துணிக்கு மாட்டும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அந்தக் கூடைக்குள் எறிந்துகொண்டிருந்தாள். இடது கை. மணிக்கட்டில் ஒரு சின்னச் சுண்டு. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆடப் பிடிக்காமல் போன பிள்ளை இப்படி எறிய மாட்டாள் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

ஸோரானைச் சந்தையில் ஒரு பனெல்லே கடையில் பிடித்தேன். பனெல்லே என்பது கடலைமாவைக் கிண்டி, பரப்பி, வெட்டிப் பொரிப்பது. பஜ்ஜியில் வாழைக்காயை மறந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். ரொட்டிக்குள் மாவை வைத்துத் தின்பவர்களை அன்றுதான் பார்த்தேன், பார்த்துவிட்டு நானும் இரண்டு தின்றேன்.

"என்னை அந்த வீட்டில் வேண்டுமென்றேதான் தங்க வைத்தீர்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

"ஆமாம்" என்றார், வெட்கமே இல்லாமல். "தமிழ் பேசுகிற, ஹேண்ட்பால் விதி தெரிந்த ஒரு மனிதன் பலெர்மோவுக்கு வருகிறான். கடவுள் எனக்கு அடிக்கடி இப்படி உதவி செய்வதில்லை."

ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினேன். எண்ணெய்க் கையால் அதை அப்படியே என் பக்கம் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும், சமமாக முடித்தால்கூடத் தப்பிவிடும். வலது ஓரத்தில் ஆட இடதுகைக்காரி வேண்டும், ஊரிலேயே அவரிடம் இருப்பது ஒருத்திதான். "அவள் மைதானத்துக்கு வந்தபிறகு உங்கள் காகிதத்தைப் படிக்கிறேன்."

"ஆட்டத்துக்காகவா?"

அவர் கொஞ்ச நேரம் ரொட்டியை மென்றார். "ஆட்டத்துக்காகவும்."

இப்படித்தான் மனிதருடைய கதை துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது. பாதி பனெல்லே கடையில், பாதி அவருடைய பழ வேனில். காலையில் பழக்கூடைகளைக் கடைகளுக்குப் போடும் வேலை. சாயங்காலம்தான் பயிற்சி. ஐரோப்பாவின் பெரிய அரங்குகளில் ஆடியவர் ஆரஞ்சுக் கூடை இறக்குகிறாரே என்று எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவருக்கு ஒன்றுமில்லை. கூடைக்கு ஒன்று எனக்கும் உரித்துக் கொடுத்தார்.

டான்யூப் நதிக்கரையில் ஒரு சின்ன ஊர். அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. பள்ளி முற்றத்தில் தார்த் தரையில் ஆட்டம், முழங்காலில் எப்போதும் காயம். வகுப்பு ஆசிரியை இடது கையில் எழுதினால் அடிப்பாராம். விளையாட்டு ஆசிரியர் ஓடிவந்து தடுத்தாராம், "அந்தக் கையைத் தொடாதே, அது தங்கம்" என்று. எங்கள் ஊரில் பிறந்திருந்தால் இடது கையால் சோறு எடுத்ததற்கே முதுகு வீங்கியிருக்கும், தங்கம் வெளியே வந்திருக்காது.

வாலிப வயதில் அவர் நாட்டைச் சுற்றிச் சண்டை. வெளிநாட்டு அணிகள் அவர்களோடு ஆடத் தடை. பெட்ரோல் கிடைக்காது. வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ஸில் போகும்போது இருக்கைக்கு அடியில் பெட்ரோல் கேன்களை அடுக்கி வைத்துக்கொண்டு போவார்களாம். "அணியில் எல்லாரும் புகைபிடிப்பவர்கள். அந்தப் பயணங்களில் ஒருவரும் புகைக்கவில்லை. எங்கள் உடல்நலம் அப்போதுதான் நன்றாக இருந்தது." பிறகு நாட்டுக்கே பெயர் மாறிற்று. மறுபடியும் மாறிற்று. மூன்று நாட்டின் பெயர் போட்ட சட்டையில் ஆடியிருக்கிறார். வீட்டு முகவரி மட்டும் ஒன்றுதான். மூன்று சட்டையும் அம்மாவிடம் இருக்கிறதாம்.

அதன் பிறகு ஹங்கேரி, ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ். ஒவ்வொரு ஊரிலும் நன்றாக ஆடினார், ஒவ்வொரு ஊரையும் விட்டுக் கோபித்துக்கொண்டு கிளம்பினார். ஹங்கேரியில், அம்மா பஸ் பிடித்து வந்து பார்த்த ஆட்டத்தில் பயிற்சியாளர் இவரை உட்கார வைத்துவிட்டார். அன்றே பெட்டியைக் கட்டினார். ஜெர்மனியில் அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டம், எறிந்ததெல்லாம் கோல். கடைசி நிமிடத்தில் தடுப்பாட்டக்காரனைப் போடுகிறேன் என்று இவரை வெளியே எடுத்தார் பயிற்சியாளர், அணி தோற்றது. பெட்டி. ஸ்பெயினில் தோளில் அறுவை நடந்தபோது கழகத்திலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மறுபடியும் பெட்டி.

"அவர்கள் எல்லாரும் செய்தது தவறா?" என்று கேட்டேன்.

"அப்போது எல்லாம் தவறு. இப்போது நானும் பயிற்சியாளர். பாதி தவறு, பாதி சரி." வேனை ஓரமாக நிறுத்தினார். "ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருவனாவது வந்து கதவைத் தட்டி, வாடா, ஆட வா என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். ஒருவனும் தட்டவில்லை."

கடைசியில் ஒரு சின்னக் கழகத்துக்காகச் சிசிலிக்கு வந்தார். கழகம் மூடிவிட்டது, முழங்காலும் போய்விட்டது. தங்கிவிட்டார். தர்சிகா வராமல் போனபிறகு அந்த வீட்டுக் கதவைப் போய்த் தட்டியிருக்கிறார். தவராசா திறக்கவில்லையாம்.

வியாழக்கிழமை அவருடைய பயிற்சியைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்துப் பலகையில் பஸ் இதோ வருகிறது என்று எழுதியிருந்தது. வெகுநேரம் அப்படியே எழுதியிருந்தது. வந்ததும் ஏறினேன். அது அரங்குக்குப் போகாமல் பொலிதேயாமா போய் நின்றது. ஒரு பாட்டியம்மாவிடம் வழி கேட்டேன். அவர் வழி சொல்லவில்லை. முதலில் என் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார். பிறகு தெருவில் போன நாலு பேரை நிறுத்திக் கலந்து பேசினார். நாலு பேரும் நாலு திசை காட்டினார்கள். கடைசியில் நம் ஆட்டோவின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு மூன்று சக்கர வண்டியில் என்னை ஏற்றிவிட்டார்கள். ஓட்டுநர் ஒரு கையால் ஓட்டி மறு கையால் பேசினார். திண்டுக்கல்லிலும் இப்படித்தான் என்பதால் நான் பயப்படவில்லை. போய்ச் சேர்ந்தபோது பயிற்சி முடிந்து வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே ஒரு விஷயம் கவனித்தேன். அந்தப் பெண்கள் எல்லாரும் ஸோரானை "மிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இத்தாலியில் பயிற்சியாளருக்கு அதுதான் மரியாதை. மிஸ்டரிடம் யாருக்கும் பயம் இல்லை. "தார்சி எப்போது வருவாள், மிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். தர்சிகா அவர்கள் வாயில் தார்சி. மிஸ்டர் என்னைக் கைகாட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அங்கே வாலண்டியராக மாட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது விதியைப் பாடமாக நடத்தினேன். தண்ணீர்ச் செம்பு கோல். எலுமிச்சம்பழம் பந்து. கறிவேப்பிலை இலை ஒன்று பச்சை அட்டை. நான் வாயாலேயே விசில் ஊதினேன். தவராசா லேசில் விடுகிறவர் இல்லை. இலை மேசையைத் தொடுவதற்குள் பழத்தைச் செம்பில் அடிக்கப் பார்த்தார். இரண்டு முறை ஜெயித்தார், அப்புறம் தோற்றுக்கொண்டே இருந்தார்.

"அப்ப விசில்தான் கணக்கோ?"

"விசில்தாங்க கணக்கு. நடுவர் செஞ்சது சரி. தப்பு முழுக்க முழுக்க கோச் மேலதான். பந்து கையவிட்டுப் போற நேரத்துல எந்தக் கோச்சாவது கார்டு வைப்பானா? முன்ன பின்ன பாக்க வேணாமா?" என்றேன், நீதிபதியைப் போல. தர்சிகாவின் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் சொல்லி முடித்ததும் மூடிக்கொண்டது.

"அப்ப அந்தாள் வந்து தான் செய்தது பிழை எண்டு சொல்லட்டும்."

"வந்தாருங்களாமே. நீங்கதான் தொறக்கலையாம்."

"திறந்தவர் மாஸ்டர்" என்றார் யோகேஸ்வரி. "திறந்து, ஆளைப் பாத்திட்டு, திரும்பப் பூட்டினவர்."

"எடி, நீ சும்மா இரு" என்றார் தவராசா. ஆனால் முகம் இளகியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லுங்கோ, சாப்பிட்டுவிட்டே கதைக்கலாம் என்றார்.

சனிக்கிழமை ஸோரான் பலகாரத் தட்டோடு வந்தார். சட்டை இறுக்கமாக இருந்தது, கல்யாணத்துக்கு வாங்கிய சட்டையோ என்னவோ. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் காலுறையையும் கழற்றிவிட்டார். யோகேஸ்வரி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள் ஈவு இரக்கம் பார்க்காது. இரண்டாவது வாயிலேயே அவருக்குக் கண்ணும் மூக்கும் ஊற்றத் தொடங்கிவிட்டது. அந்தக் கோலத்திலேயே தவராசாவைப் பார்த்து இத்தாலியனில் சொன்னார். யோகேஸ்வரி எனக்குத் தமிழில் சொன்னார்: தன்னுடைய பிழைதானாம், அட்டை வைத்தது தானாம், மன்னிக்கட்டாம்.

தவராசா எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம். ஆனால் எதிரில் ஒரு பெரிய மனிதர் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்து வீச அவருக்குக் கை வரவில்லை. "தண்ணி குடியுங்கோ முதல்லை" என்று தமிழிலேயே சொல்லிச் செம்பை நகர்த்தினார். இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள். என் வேலை முடிந்தது என்று நான் ஒரு நண்டுக் காலை எடுத்தேன்.

"தர்சிகா, வந்து மிஸ்டருக்கு வணக்கம் சொல்லு பிள்ளை" என்று கூப்பிட்டார் யோகேஸ்வரி.

அவள் வந்தாள். சொல்லவில்லை. சுவரோடு நின்று தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, அவர் பிழை விடேல்லை. நான்தான் டைம்-அவுட் கேட்டனான்."

ஒரு உள்ளங்கையின் மேல் மறு கை விரல்களைக் குத்தி டைம்-அவுட் அடையாளம் காட்டினாள். "இப்பிடிக் காட்டினனான். களைச்சுப்போனன், கால் ஏலாமல் போச்சு. அவர் கார்டை எடுத்துக்கொண்டு போனவர். அதுக்கிடையிலை எனக்கு முன்னாலை ஒருத்தரும் இல்லை. எறிஞ்சிட்டன். நான் கேட்டதை நானே மறந்துபோனன்."

 சந்தையில் மீன்காரர் கத்துவது மட்டும் கேட்டது.

"பிறகேன் பிள்ளை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"எப்பிடி அப்பா சொல்லுறது? நீங்கள் அதுக்குள்ளை எல்லாருக்கும் அனுப்பிட்டியள். பேந்து அவரைத் திட்டத் தொடங்கிட்டியள். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போச்சு. இனி எந்த முகத்தோடை பயிற்சிக்குப் போறது?" அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள், அப்புறம் அழுதுவிட்டாள்.

அழுகையோடு ஸோரானிடம் திரும்பி இத்தாலியனில் ஏதோ கேட்டாள். அவரும் இரண்டு வார்த்தை சொன்னார். யோகேஸ்வரி மெதுவாக என் பக்கம் குனிந்தார். "நீங்கள் ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை எண்டு கேக்கிறாள் மாஸ்டர். கார்ட் என்ரை கையிலை இருந்தது, உன்ரை கையிலை இல்லை எண்டுறார்."

முந்தின இரவு நீதிபதி வேலை பார்த்த நான் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. இந்த மனிதர் எத்தனை ஊரில், எத்தனை பேர் மேல் குற்றம் சொல்லிவிட்டு வந்தவர். இங்கே ஒரு சின்னப் பெண்ணின் பெயர் வந்துவிடக் கூடாது என்று அவளுடைய தகப்பனிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். கையிலிருந்த நண்டுக் காலைக் கீழே வைத்தேன். யோகேஸ்வரி தண்ணீர் ஊற்றினார். உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

 தவராசா எழுந்துபோய், நண்டுச் சட்டியிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து ஸோரானின் தட்டில் வைத்தார். ஸோரான் பயத்தோடு அதைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கில் கூட்டம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கல்லூரிப் போட்டிக்கே இதைவிட அதிகம் பேர் வருவார்கள், வகுப்புக்கு விடுமுறை விட்டால். தவராசா மறுபடியும் லீவு கேட்டு வந்திருந்தார். தர்சிகா முதலில் இரண்டு பந்தைத் தவறவிட்டாள், பிறகு சூடு பிடித்தாள். ஓரத்திலிருந்து எகிறி, காற்றிலேயே உடம்பை வளைத்து, இடது கையால் எறிவாள். ஸோரான் இளைஞராக எப்படி ஆடியிருப்பார் என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

கடைசி நிமிடத்தில் எங்கள் ஆட்கள் ஒரு கோல் பின்தங்கி இருந்தார்கள். எங்கள் ஆட்கள் என்று நான் எப்போது சொல்லத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. பந்து தர்சிகாவிடம். திடீரென்று அதைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, ஸோரானைப் பார்த்துக் கையால் டைம்-அவுட் அடையாளம் காட்டினாள்.  ஸோரான் அட்டையை எடுத்தார், மேசைக்குப் போனார், போய் வைக்காமல் திரும்பிப் பார்த்தார். அவள் அசையாமல் அங்கேயே நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி மறுபடியும் காட்டினாள். பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் வைத்தார். விசில்.

டைம்-அவுட்டில் அவர் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. தர்சிகாதான் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஆட்டம் தொடங்கியது. பந்து அவளிடம் வந்தது, எதிரணியில் இரண்டு பேர் அவள் மேல் பாய்ந்தார்கள். அவள் எறியாமல் நடுவில் காலியாக நின்ற பெண்ணுக்குத் தட்டிவிட்டாள். அந்தப் பெண் போட்ட பந்து கோல்கீப்பரின் காலுக்கு நடுவே போயிற்று. சமம். மணி அடித்தது. அணி தப்பிவிட்டது.

தவராசா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் தோளை உலுக்கினார். "மாஸ்டர், நடுவர் கை காட்டினவரோ? வடிவாய்ப் பாத்துச் சொல்லுங்கோ. இது கோல்தானே? அனுப்பலாமோ?"

"அனுப்புங்க" என்றேன், அதிகாரபூர்வமாக.

எல்லாரும் கட்டிப்பிடித்து முடித்தபிறகு ஸோரான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சொன்னபடி ஒப்பந்தத்தை வாங்கி முழுக்கப் படித்தார். நல்ல ஒப்பந்தம் என்றார். மடித்து என் கையில் வைத்தார். பிசினில் அது என் விரலோடு ஒட்டிக்கொண்டது.

"இத்தனை வருடத்தில் ஒவ்வொரு ஊரையும் கோபத்தில்தான் விட்டிருக்கிறேன். கோபம் இருந்தால் பெட்டி கட்டுவது சுலபம்." மைதானத்தின் நடுவில் தர்சிகாவைத் தோழிகள் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். "வேறு விதமாகக் கிளம்ப எனக்குத் தெரியாது."

நான் வற்புறுத்தவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வெளியே வந்து தாளாளருக்குப் போன் போட்டேன்.

"என்ன சார், கையெழுத்துப் போட்டாரா?"

"இல்ல சார். வரமாட்டார்."

"ஏன்? அங்க என்ன அப்படிப் பிரச்சினை அவருக்கு?"

"ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்றேன். "இந்த ஊர்ல அவருக்கு யார் மேலயும் கோபம் இல்ல."